நீலகிரியிலிருந்து மோன் பிளாங்க்: எதை எப்போது செய்ய வேண்டும்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் இருந்துகொண்டு, பனியாறு ஓடும் ஒரு மலையில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேடும் பள்ளமும் நமக்குப் பழகியவைதான். ஆனால் ஆல்ப்ஸுக்குப் போவதில் மலையைவிட அதிகம் படுத்துவது காகிதமும் தேதியும். கைடு கிடைத்தால் மலைமேல் இரவு தங்கும் குடிலில் இடமிருக்காது, இடம் கிடைத்தால் விசா தேதி தள்ளிப்போகும், விசா வருவதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும். எனக்கு இதை வரிசையாகச் சொல்ல ஆளில்லை. நீங்கள் அந்த அலைச்சலைப் படக்கூடாது.

1. எந்த மலை, எந்த வழி

பிரான்ஸ், இத்தாலி எல்லையில் இருக்கிறது மோன் பிளாங்க். உச்சியை மூடியிருப்பது கெட்டியான பனி. காற்றும் பனிப்பொழிவும் அதைக் கூட்டிக் குறைப்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 2021-ல் 4,807.81 மீட்டர், 2023-ல் 4,805.59 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலைக்கு மேல் இன்னும் 2,100 மீட்டருக்கும் அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு கூட்டே வழிதான் சரி. பிரான்ஸ் பக்கத்து அடிவார ஊரான சான் ஜெர்வேயிலிருந்து மலை ரயிலில் மேலே போய், டெட் ரூஸ் குடில் (3,167 மீட்டர்), கூட்டே குடில் (3,835 மீட்டர்), டோம் து கூட்டே என்ற பெரிய பனிமேடு (4,304 மீட்டர்), வாலோ அவசரக் கொட்டகை (4,362 மீட்டர்), அங்கிருந்து போஸ் முகடு வழியாக உச்சி. எகுய் து மிடி கேபிள் காரில் 3,842 மீட்டர் வரை உட்கார்ந்தே போய் அங்கிருந்து ஏறும் வழியும் உண்டு. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் அதில் சரிவு அதிகம், தொங்கும் பனிக்கட்டிகளுக்கு அடியில் நடக்க வேண்டும். முதல் மலைக்கு அது வேண்டாம்.

கூட்டே வழியைச் சுலபமான வழி என்று சொல்வார்கள். கயிறு கட்டி ஏறும் நுட்பத்தைப் பொறுத்தவரை அது உண்மை. கல் விழுவதைப் பொறுத்தவரை உண்மை கிடையாது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. பாஸ்போர்ட், அதில் உங்கள் பெயர்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் முதலில் இதை முடியுங்கள். நீலகிரி மாவட்டம் கோவை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் அதற்கு மேல் 2,000. ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் மூன்றைப் பாருங்கள்: பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதா, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுமா, இரண்டு பக்கமாவது காலியாக இருக்கிறதா.

பெயர்தான் நம்மவர்களுக்கு வரும் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். சிலருக்கு அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் வரும், சிலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் விசா மேசையில் கேள்வி வரும். மலைக் குடிலிலும் முன்பதிவு பெயருக்குத்தான், அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். அதனால் குடில், கைடு, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் போடுங்கள். வங்கிக் கணக்கில் பெயர் திருத்த வேண்டியிருந்தால் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

3. உடம்பைத் தயார் செய்வது, நம் மலையிலேயே

ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கேயே வாழ்பவருக்கு சென்னைக்காரரைவிடக் கொஞ்சம் சாதகம் உண்டு. அதை நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். 4,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே மேல். அந்த உயரத்துக்கு உடம்பு அங்கே போய்ப் பல நாளில்தான் பழகும்.

நீங்கள் இங்கே செய்யக்கூடியது காலையும் நுரையீரலையும் பலப்படுத்துவது. முதுகில் 10 கிலோ, அப்புறம் 12 கிலோ வைத்து, வாரம் மூன்று நாள் ஏற்றம். ஒரே மூச்சில் 1,000 மீட்டர் ஏற்றம் சேரும்படி வாரத்தில் ஒரு நீண்ட நாள். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளும் கல்படிகளும் இதற்கு நன்றாக உதவும். தனியார் தோட்டம் என்றால் மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ சொல்லிவிட்டு நடங்கள். இறங்குவதையும் சுமையோடு பழகுங்கள். மோன் பிளாங்கில் முழங்கால் போவது இறக்கத்தில்தான்.

வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகளில் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து நட என்று இருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் கரடி நடமாடும், காட்டெருமை பாதையை மறித்து நிற்கும். வெளிச்சம் வந்து, இலை பறிக்க ஆட்கள் இறங்கிய பிறகு போனால் போதும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். "எப்போதும் போற வழிதான்" என்று யாராவது கூட்டிப்போனாலும் வழக்கு உங்கள் மேல்தான் வரும். காட்டுப் பாதை வேண்டுமென்றால் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு போங்கள். நீலகிரியில் அவலாஞ்சி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, லாங்வுட் சோலை, ரங்கசாமி சிகரம் போன்ற பாதைகள் அதில் இருக்கின்றன. கோடையில் காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் நீண்ட நடைகளை ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பு மருத்துவரிடம் போய் இ.சி.ஜி., ரத்த அழுத்தம், ரத்தத்தில் இரும்புச்சத்து பாருங்கள். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் அப்போதே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

4. பனியில் நடக்கக் கற்பது

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் விழும் உறைபனியை வைத்து இதைக் கற்க முடியாது. பூட்ஸுக்கு அடியில் க்ராம்பான் என்ற இரும்புமுள் சட்டத்தைக் கட்டிக்கொண்டு நடப்பது, பனிக்கோடாரியைக் குத்தி விழுவதை நிறுத்துவது, கயிற்றில் இடைவெளி விட்டு நடப்பது, பனிப்பிளவில் விழுந்தவரை இழுப்பது, இவை உண்மையான பனியில்தான் வரும்.

சிறந்த வழி நம் நாட்டு மலையேற்ற நிறுவனங்கள் நடத்தும் அடிப்படைப் பயிற்சி. உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் இமாலயன் மலையேற்ற நிறுவனம், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் உள்ள நிறுவனம். கிட்டத்தட்ட நான்கு வாரம். தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் கட்டணத்துக்குள் வரும், அரசு உதவி பெறுவதால் தனியார் பயணங்களைவிட மிகக் குறைவு. வயது வரம்பு உண்டு, மருத்துவச் சான்று அவர்கள் படிவத்திலேயே கேட்பார்கள். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அதனால் மலையேறும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பியுங்கள்.

நான்கு வாரம் விடுப்பு கிடைக்காதவர்கள், மோன் பிளாங்கின் அடிவாரத்தில் பிரான்ஸில் இருக்கும் ஷாமனி ஊரிலேயே இரண்டு மூன்று நாள் பனியாற்றுப் பயிற்சி எடுக்கலாம். செலவு அதிகம், கற்பது குறைவு. முடிந்தவர்கள் உத்தரகாசியையே தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம் அங்கே சுமை தூக்கிய உடம்பு வேறு உடம்பு.

5. கைடும் குடிலும், விசாவுக்கு முன்பே

மிகமிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். கூட்டே வழியில் இரவு தங்க முன்பதிவு கட்டாயம். கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். அங்கே அது தடை, மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 3,00,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கூட்டே குடிலில் 120 பேருக்குத்தான் இடம். சீசன் ஏறக்குறைய மே கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. முன்பதிவு எந்த நாள் திறக்கும் என்று குடில்களின் இணையதளத்தில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும்.

நீங்கள் கைடு நிறுவனம் மூலம் போனால் குடிலை அவர்களே பிடிப்பார்கள். அதனால் வரிசை இப்படி வர வேண்டும்: முதலில் கைடு, அவர் மூலம் குடில், அந்த உறுதிக்கடிதங்களை வைத்து விசா, விசா வந்த பிறகு டிக்கெட். இதை மாற்றாதீர்கள்.

கைடு விஷயத்தில் கேட்க வேண்டியவை:

அவர் சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்றவரா? ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்று பேட்ஜ் இருக்கும். கூட்டே வழியில் ஒரு கைடுக்கு அதிகபட்சம் இரண்டு பேர். நான்கு பேருக்கு ஒரு கைடு, விலை பாதி என்று யாராவது சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். "உச்சி உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களையும் அப்படியே. வானிலையும் கல் விழுவதும் யார் கையிலும் இல்லை.

பழகும் நாட்கள் திட்டத்தில் இருக்கிறதா? நல்ல நிறுவனங்கள் ஐந்தாறு நாள் திட்டமாகத்தான் தருவார்கள். முதல் பாதியில் இத்தாலியில் கிரான் பாரடிசோ (4,061 மீட்டர்) போன்ற ஒரு மலை ஏறி உடம்பு பழகும், அதைப் பார்த்துத்தான் கைடு உங்களை மோன் பிளாங்குக்குக் கூட்டிப்போவதா என்று முடிவு செய்வார். மூன்று நாளில் போய் வரலாம் என்பது நமக்கு ஒத்து வராது.

ரத்தானால் பணம் என்ன ஆகும்? இதை எழுத்தில் வாங்குங்கள். 2022 கோடையில் வெப்பத்தால் கல் விழுவது மிக அதிகமாகி, ஆகஸ்டில் டெட் ரூஸ், கூட்டே இரண்டு குடில்களையும் மூடினார்கள். அந்த மாதிரி ஆண்டில் வேறு மலைக்குக் கூட்டிப்போவார்களா, தேதி மாற்றுவார்களா, காசு திரும்புமா என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேளுங்கள். ஐரோப்பியர்களுக்கு விசா தேவையில்லாததால் பல நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது, நாம்தான் எழுப்ப வேண்டும்.

தேதி என்று கேட்டால், ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரை என்பேன். அப்போது சரிவில் இன்னும் பனி மிச்சமிருந்து கற்களைப் பிடித்து வைத்திருக்கும். ஆகஸ்ட் வெப்பத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

6. விசா

பிரான்ஸில்தான் அதிக இரவுகள் தங்குவீர்கள் என்பதால் விண்ணப்பம் பிரான்ஸுக்கு. விமானம் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில் இறங்குகிறதே என்று குழம்ப வேண்டாம், ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். கிரான் பாரடிசோவுக்கு இத்தாலி போய் வருவதற்கும் அதே விசாதான். உங்கள் பயணத் திட்டத்தில் இத்தாலி இரவுகள் பிரான்ஸ் இரவுகளைவிடக் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் படிவம் நிரப்பி, விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் வாங்கி, கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். நமக்கு சென்னை அல்லது பெங்களூரு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தால் திரும்பாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், கூடுதலாக விசாரித்தால் 45 நாள் வரை ஆகலாம். ஜூலைப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். மே மாதம் நாடே ஐரோப்பாவுக்குக் கிளம்பும், நேரம் கிடைப்பதே பாடு.

கோப்பில் இருக்க வேண்டியவை: படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், போக வர விமான முன்பதிவு (பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை), ஒவ்வொரு இரவும் எங்கே என்பதற்கு ஆதாரம், கைடு நிறுவனத்தின் கடிதமும் ரசீதும், காப்பீடு, மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் வங்கி முத்திரையோடு, வருமான வரி ரிட்டர்ன், வேலையில் இருப்பவருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும். கூடவே ஒரு பக்கத்தில் உங்கள் விளக்கக் கடிதம்: எந்த நாள் எங்கே, செலவு யாருடையது, திரும்பி வந்து என்ன செய்வீர்கள். உத்தரகாசிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகலை வையுங்கள். கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மலை ஏறப் போகிறேன் என்று சொல்பவர் உண்மையில் மலை ஏறுபவர்தான் என்று அது காட்டும்.

"ஒவ்வொரு இரவும்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். குடில் இரவுகளுக்குக் குடிலின் உறுதிக்கடிதம், பள்ளத்தாக்கு இரவுகளுக்கு விடுதி. நடுவில் ஓர் இரவு விடுபட்டாலும் கேட்பார்கள். எனக்குக் கிடைத்த ஒரு முகவர், குடில் காகிதமெல்லாம் எதற்கு, மொத்த நாளுக்கும் பாரிஸில் ஒரு ஹோட்டல் புக்கிங் போட்டுத் தருகிறேன், விசா வந்ததும் ரத்து செய்துகொள்ளலாம் என்றார். அதே ஆள் முதுகில் பை, கையில் பனிக்கோடாரியோடு ஜெனீவாவில் இறங்கும்போது எல்லை அதிகாரி கேட்டால் என்ன பதில்? பொய்க் காகிதத்துக்கு மறுப்பு வந்தால் அது பதிவில் நிற்கும், அடுத்த முறையும் தொடரும். உண்மையான காகிதமே போதுமானதாக இருக்கும்போது இது தேவையே இல்லை.

இனி, சிறு தேயிலை விவசாயிகளுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும். விசா மேசைக்குப் புரிவது மாதச் சம்பளம். நம் வருமானம் ஃபேக்டரி கொடுக்கும் பச்சை இலைப் பணம், மாதத்துக்கு மாதம் மாறும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலர் ரிட்டர்ன் தாக்கல் செய்வதே இல்லை. அங்கேதான் கோப்பு பலவீனமாகிறது. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் ரிட்டர்ன் போடுங்கள், விலக்குள்ள வருமானமாக அதைக் காட்டுங்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சகஜ் எனப்படும் ஐ.டி.ஆர்.-1 பொருந்தாது, அதை ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள். கடைசி நேரத்தில் முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்துத் தாக்கல் செய்ய முடியாது என்பதால் ஆசை வந்த ஆண்டே தொடங்குவது நல்லது.

இலைப் பணத்தை ரொக்கமாக வாங்காமல் ஒரே வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு பிடித்தம் என்று ஃபேக்டரி தரும் மாதக் கணக்குச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வங்கியில் விழும் தொகையும் சீட்டில் உள்ள தொகையும் ஒன்றாக இருந்தால் அதைவிட நல்ல சம்பளச் சீட்டு கிடையாது. பட்டா, சிட்டா, தாசில்தார் வருமானச் சான்று ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு நோட்டரி முத்திரையோடு. நிலம் தாத்தா பேரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றும் ஒரு விளக்கமும். இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் மாதக்கணக்கில் அலைய நேரலாம், அதனால் முதல் வேலையாக எடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கி மூன்று லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டுவது உதவாது. திடீரென விழுந்த பெரிய தொகைக்கு மூலம் கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவர் உண்மையிலேயே செலவை ஏற்றால் அவரிடம் கடிதம், அவர் வங்கிக் கணக்கு விவரம், உறவுக்கான சான்று வாங்கி நேராகவே காட்டுங்கள்.

7. காப்பீடு

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு போதும். மலைக்கு அது போதாது. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை கயிறு, பனிக்கோடாரி பயன்படுத்தும் மலையேற்றத்தையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதையும் விலக்கி வைத்திருக்கும். பாலிசியின் விலக்குகள் பகுதியை முழுதாகப் படியுங்கள். "5,000 மீட்டர் வரை, கைடுடன் பனியாற்று மலையேற்றம் உட்பட" என்று எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னதற்கு மதிப்பில்லை, மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

பிரான்ஸ் பக்கத்தில் அரசு மலை மீட்புப் படை மீட்பதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் மருத்துவமனைச் செலவு உங்களுடையது, இத்தாலி, ஸ்விட்சர்லாந்து பக்கம் ஹெலிகாப்டருக்கே பில் வரும். கிரான் பாரடிசோ இத்தாலியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அவசர எண் 112.

8. துணிமணி, கருவி

க்ராம்பான், பனிக்கோடாரி, கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் ஹார்னெஸ், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் ஷாமனியில் வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம். பூட்ஸை மட்டும் ஒரு நாள் முன்பே எடுத்து, தடித்த காலுறையோடு ஒரு மணி நேரம் சரிவில் இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னால் முட்டினால் உடனே மாற்றுங்கள். அப்படியே விட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

வாங்க வேண்டியது உள்ளாடையிலிருந்து மேல். பருத்தி எதுவும் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிர வைக்கும். நம் வீட்டுக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று நடு அடுக்குக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மழைக்காலத்தில் நாம் போடும் ரப்பர் கோட்டு அங்கே ஆகாது, காற்றைத் தடுத்து வியர்வையை வெளியே விடும் மேலுறை தேவை. இரண்டு ஜோடிக் கையுறை, பனி வெளிச்சத்துக்கு நான்காம் வகைக் கறுப்புக் கண்ணாடி, நெற்றி விளக்கு, குடிலில் போர்வைக்குள் விரிக்க மெல்லிய உறை. வழியில் சான் ஜெர்வே நகராட்சி கட்டாயமாக்கிய கருவிப் பட்டியல் உண்டு, கைடு அதைச் சரிபார்ப்பார்.

9. மொத்தம் எவ்வளவு

யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துச் சொல்கிறேன், நீங்கள் அன்றைய விலையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு நாள் கைடு திட்டம் 2,000 முதல் 3,000 யூரோ, அதாவது இரண்டிலிருந்து மூன்று லட்சம். கைடின் குடில் செலவு, ரயில் செலவும் உங்கள் தலையில் வரும். அது விலைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். விமானம் 60,000 முதல் 90,000. விசா, சேவைக் கட்டணம், சென்னை போய் வருவது எல்லாம் சேர்த்து 15,000 ஒதுக்குங்கள். காப்பீடு 10,000 முதல் 15,000. பள்ளத்தாக்கில் பொது அறைப் படுக்கை, சாப்பாடு, கருவி வாடகைக்கு 60,000 முதல் 80,000. துணிக்கு 30,000. எப்படி இழுத்துப் பிடித்தாலும் மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கீழே வராது, ஐந்தரை வரை போகலாம். மேலே குடிலில் குடிநீர்க் குழாய் கிடையாது, தண்ணீர் பாட்டிலை விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பது மாதிரி சின்னச் செலவுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

10. மலையிலிருந்து இறங்கி விமானம் பிடிப்பது

விசா நாளுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. ஏப்ரல், மே சீசனில் பர்லியார் வழி எப்போது நகரும் என்று சொல்ல முடியாது, மதியமே இறங்கிவிடுங்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. கூடலூர் வழியாக மைசூர், பெங்களூரு போக நினைப்பவர்கள் மரம் விழுவதையும் மண் சரிவதையும் கணக்கில் எடுத்து, விமானத்துக்கு முந்தைய நாளே சமவெளிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பயிற்சிக்கு அக்டோபர், நவம்பரில் வடக்கே போவதாக இருந்தாலும் அப்படியே. வடகிழக்குப் பருவமழை குன்னூர்ச் சாலையை மூடினால் கோத்தகிரிச் சாலை, அதுவும் போனால் வீட்டில்தான்.

ஜெனீவாவிலிருந்து ஷாமனிக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். போன உடனே ஏறாமல் இரண்டு நாள் சும்மா நடங்கள். ஷாமனி 1,035 மீட்டர்தான், நம் ஊரைவிடத் தாழ்வு. அதனால் ஊட்டியில் இருந்ததைவிட நன்றாக மூச்சு விடுவதாகத் தோன்றும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

11. மலையில்

டெட் ரூஸுக்கும் கூட்டே குடிலுக்கும் நடுவில் கிராண்ட் கூலுவார் என்ற செங்குத்தான ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டும். அகலம் நூறு மீட்டர் அளவுதான். மேலே பாறையைப் பிடித்திருக்கும் பனி வெயில் பட்டதும் இளகும், கற்கள் உருண்டு வரும். இந்த வழியில் உயிர் போகும் இடம் இதுதான். விடியற்காலைக் குளிரில் கடப்பதே பாதுகாப்பு. என் கைடு ஓரத்தில் நிறுத்தி, கயிற்றைச் சுருட்டி, மேலே பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் காதைத் தீட்டினார். எங்கள் முன்னால் போனவர்கள் கடந்து முடிந்ததும் ஒரு சிறு கல் தட்டித் தட்டி இறங்கும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் காத்திருந்து "இப்போது" என்றார். ஓடாமல், நிற்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல், போட்டோ எடுக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேருங்கள். தண்ணீர் குடிப்பதை இரண்டு கரையிலும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு குடில் வரை நீண்ட பாறை ஏற்றம். இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பாறைகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்காது.

கூட்டே குடிலில் நடுநிசி தாண்டி எழுப்பி விடுவார்கள். உச்சிக்கு நான்கிலிருந்து ஐந்து மணி நேரம். தண்ணீர்க் குழாய் வைத்த பை உறைந்துவிடும், அகன்ற வாய் பாட்டிலில் வெந்நீர் எடுத்து, தலைகீழாகச் செருகி வையுங்கள். மேல்பரப்புதான் முதலில் உறையும், வாய் திறந்துகொள்ளும். போஸ் முகட்டில் பாதை குறுகல், இரண்டு பக்கமும் சரிவு. எதிரே கயிற்றுக் குழு வந்தால் கைடு சொல்லும் இடத்தில் நின்று, கோடாரியைக் குத்திக்கொண்டு வழி விடுங்கள்.

தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தால் உடனே கைடிடம் சொல்லுங்கள். இவ்வளவு செலவழித்தோமே என்று மறைக்காதீர்கள். ஒரே மருந்து இறங்குவதுதான். கைடு திரும்பச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது. கயிற்றில் இருவராகக் கட்டியிருந்தால் ஒருவர் திரும்பும்போது மற்றவரும் திரும்ப வேண்டும். இதைக் கூட வருபவரோடு ஊரிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இறங்கும்போதும் அதே கிராண்ட் கூலுவார்தான், இந்த முறை வெயில் ஏறியிருக்கும். நேரம் தப்பினால் கூட்டே குடிலிலேயே இன்னோர் இரவு தங்கி மறுநாள் விடியலில் இறங்கலாமா, இடம் இருக்குமா என்று ஏறும் முன்பே கைடிடம் கேட்டு வையுங்கள். அந்த ஓர் இரவுக்காகவும் வானிலைக்காகவும் திரும்பும் விமானத்தைத் திட்டம் முடிந்து இரண்டு நாள் தள்ளி எடுங்கள். கீழே வந்ததும் ரயில் கடைசி எத்தனை மணிக்கு, அந்த ஆண்டு எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதையும் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் போய்விட்டால் களைத்த காலோடு இன்னும் பல மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும்.